எல்லாருக்கும் ஒரே சாவி

“ஒரு துரோகியை வெளியே தள்ளிட்டோம், டீச்சர். இன்னொருத்தர் உள்ளே இருக்காங்க. கண்டுபிடிக்க வழி சொல்லுங்க.”

மாடிப்படி ஏறி வந்த இரைப்பு அடங்கும் முன்பே ஜீவரத்தினம் கேட்டுவிட்டார்.

மெஹருன்னிசா டீச்சர் நிமிரவில்லை. ஒரு கேபிளின் மேல்தோலை உரித்து, உள்ளே இருந்த வண்ணக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஆம்பூர் பஜாரில், தோல் பதனிடும் ரசாயனம் விற்கும் கடைக்கு மேலே அவருடைய வகுப்பு. ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் வித்தையை அங்கே சொல்லிக்கொடுத்தார். வளைகுடாவில் ஒரு வங்கிக்கு அந்த வேலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். தன் கெட்டிக்காரத்தனம் தனக்குத் தெரியும் என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

“யாரைத் தள்ளினீங்க?”

“எத்திராஜை.”

“அப்புறமும் இணைப்பு அறுந்துபோகுதா?”

“போகுது. இப்போ பத்மாவதி மேலதான் சந்தேகம். ஞாயித்துக்கிழமை செயற்குழு கூடுது. அவளையும் நீக்கணும்னா ஆதாரம் வேணும்.”

டீச்சர் கம்பிகளை வரிசையாக நிறுத்தி, நுனிகளைச் சமமாக வெட்டினார்.

“எத்தனை சாவி குடுத்தீங்க, ஐயா?”

“ஒண்ணு.”

டீச்சர் கேபிளைக் கீழே வைத்தார்.

*

ஜீவரத்தினம் ஷூ கம்பெனித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அவர் படித்தது துண்டுப் பிரசுரங்களில். எழுதக் கற்றதும் துண்டுப் பிரசுரங்களில்தான். கல்லூரி வாசலை அவர் பார்த்தது, அதன் சுவரில் பசை தடவும்போது.

இப்போது கம்பெனி இல்லை. சங்கம் மட்டும் இருந்தது.

பொங்கல் விடுமுறைக்குப் போய்த் திரும்பிய தொழிலாளர்கள் கேட்டில் பூட்டைப் பார்த்தார்கள். உள்ளே இயந்திரங்கள் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு வேலைநீக்க உத்தரவு வந்தது. கேட்காதவர்களுக்கும் வந்தது, கொஞ்சம் தாமதமாக.

வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தில் நின்றது. வழக்கு நிற்கும், வயிறு நிற்காது. ஆட்கள் சிதறினார்கள். எத்திராஜ் பெங்களூரில் அடுக்குமாடி ஒன்றுக்குக் காவலாளி ஆனான். பத்மாவதி பல்லாவரத்தில் பை தைக்கும் கம்பெனிக்குப் போனாள். மற்றவர்கள் திருப்பூர், ஓசூர் என்று போன இடம் போனார்கள்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் இருந்த சங்க அலுவலகத்தில் ஜீவரத்தினமும் ஒரு கம்ப்யூட்டரும் மிஞ்சினார்கள். வழக்குக்கான அத்தனையும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒவ்வொரு தொழிலாளியின் வாக்குமூலத்தையும் கேட்டு, எழுதி, சரிபார்த்து வக்கீலிடம் கொடுக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள்.

இணையத்தில் ஏதாவது ஒரு கம்பெனியிடம் போட்டு வைத்தால் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாமே என்று திருப்பூரிலிருந்து ஒருவர் யோசனை சொன்னார்.

ஒரு முதலாளிமேல் போட்ட வழக்கை இன்னொரு முதலாளி வீட்டுப் பரணிலா வைப்பது என்று ஜீவரத்தினம் கேட்டார். அந்த யோசனை அதோடு போயிற்று.

அப்போதுதான் வி.பி.என். என்ற சொல் அவர் காதில் விழுந்தது. கம்ப்யூட்டர் அலுவலகத்திலேயே இருக்கும். தோழர்கள் இருந்த இடத்திலிருந்தே அலுவலகத்துக்குள் வருவார்கள். வழியில் எவனும் ஒட்டுக்கேட்க முடியாது.

அவருக்கு அது பிடித்துப்போனது. தடை இருந்த காலத்தில் கூட்டம் நடத்தியது மாதிரி இருந்தது.

*

அப்படித்தான் முதல் தடவை இந்த மாடிப்படி ஏறினார்.

வந்து போட்டுத் தருவதாக டீச்சர் சொன்னார். சங்கத்துக் கம்ப்யூட்டரில் வெளியார் கை படக் கூடாது என்று ஜீவரத்தினம் சொன்னார்.

“யாரையெல்லாம் நம்ப மாட்டீங்க?”

“யாரையும்.”

“அப்போ ஒயரைப் புடுங்கிடுங்க. அதைவிடப் பாதுகாப்பு கிடையாது.”

ஜீவரத்தினம் எழுந்து போகவில்லை. டிப்ளமா முடித்த பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பென்ஷன் ஆபீஸ் கீழ்த்தெருவில் இருக்கிறது தாத்தா என்று ஒருத்தன் சொன்னான். உனக்கு வேலை கிடைத்து, அந்த வேலை போனபிறகு என்னைத் தேடி வருவாய், முகவரி தருகிறேன் என்று இவர் சொன்னார். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

கற்றுக்கொண்டார். ரூட்டரில் எந்தக் கதவைத் திறப்பது, அலுவலகக் கம்ப்யூட்டரில் சர்வரை எப்படி அமைப்பது, அது வெளியிலிருந்து வருபவரை எப்படி அடையாளம் காண்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்.

சாவி பற்றி டீச்சர் சொன்ன பாடம்தான் அவருக்கு உறுத்தியது.

வெளியே இருப்பவர் ஒவ்வொருவரும் தன் கம்ப்யூட்டரில் தன் கையால் தனக்கென்று ஒரு சாவி செய்ய வேண்டும். அதற்கு இரண்டு பாதி. ஒரு பாதியை ஊருக்கே காட்டலாம். அதை அவர் அனுப்புவார். உள்ளே இருப்பவர் அதை வாங்கி சர்வரில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் வாசல் அவரைத் தெரிந்துகொள்ளும். மற்றப் பாதி அவருடைய கம்ப்யூட்டரை விட்டு நகரக் கூடாது. எவருக்கும் காட்டக் கூடாது.

“செயலாளருக்குக்கூடவா?”

“செயலாளருக்குத்தான் முக்கியமா.”

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜீவரத்தினம் சிரிக்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்து தன் கையாலேயே சர்வரை அமைத்தார். ஓசூர்த் தோழர் அங்கிருந்தபடியே அலுவலகத்துக் கோப்பு ஒன்றைத் திறந்து, அதில் இருந்ததைப் போனில் வாசித்துக் காட்டியபோது, ஜீவரத்தினம் போனைக் காதிலிருந்து எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார்.

ஆனால் தனித்தனிச் சாவி என்ற பேச்சை மட்டும் அவர் ஏற்கவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்பெனி கேன்டீனில் இரண்டு வரிசை டம்ளர்கள் இருந்தன. பச்சைத் தோல் சுமப்பவர்களுக்கு ஒரு வரிசை. மற்றவர்களுக்கு ஒரு வரிசை. தோல் சுமப்பவர்களுக்கென்று இருந்த அந்தத் தனி வரிசையைச் சாக்கடையில் கொட்டித்தான் சங்கம் பிறந்தது. அன்றிலிருந்து சங்க அலுவலகத்தில் ஒரு பானை, ஒரு டம்ளர். தலைவர் வந்தாலும் அதில்தான் குடிக்க வேண்டும், தோல் சுமந்தவர் வந்தாலும் அதில்தான். புதிதாகச் சேருகிறவனுக்கு உறுதிமொழிக்கு முன்னால் அந்த டம்ளரைத்தான் கொடுப்பார்கள். குடிக்கத் தயங்கியவனைச் சேர்த்ததில்லை.

தனித்தனிச் சாவி என்றதும் அவர் கண்ணில் அந்த இரண்டு வரிசைதான் தெரிந்தது.

ஒரு சாவி செய்தார். இரண்டு பாதியையும் சேர்த்து எல்லாருக்கும் அனுப்பினார். ஒரே சாவி, ஒரே சங்கம் என்று கீழே எழுதினார்.

டீச்சரிடம் சொல்லவில்லை.

*

கொஞ்ச நாளிலேயே தொல்லை தொடங்கியது.

பத்மாவதி தையல் வேலை முடித்து வந்து, மகனுடைய லேப்டாப்பில் யாரோ ஒரு கிழவியின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருப்பாள். திடீரென்று எல்லாம் உறைந்துவிடும். எழுதியது போய்விடும். மறுபடி வருவாள். மறுபடி விழுவாள். யாரோ என்னைப் பிடித்து வெளியே தள்ளுகிறார்கள் தோழர் என்று போனில் அழுதாள்.

எப்போது என்று ஜீவரத்தினம் விசாரித்தார். எத்திராஜ் வரும் நேரத்தில் என்று தெரிந்தது.

எத்திராஜ் வந்தால் பத்மாவதி விழுகிறாள். ஓசூர்க்காரர் விழுகிறார். எத்திராஜ் மட்டும் தனக்கு ஒரு தொல்லையும் இல்லை என்றான். தொல்லை இல்லை என்று சொன்னதே சந்தேகமாயிற்று. கம்பெனி ஆட்கள் அவனைப் பெங்களூரில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சுக்குக் கால் முளைத்தது, பிறகு கை முளைத்தது.

செயற்குழு கூடியது. பஸ் பிடித்து எல்லாரும் வந்திருந்தார்கள். எத்திராஜும் வந்திருந்தான். தடியடி நடந்த அன்று ஜீவரத்தினத்தின் தலைக்கு வந்த அடியைக் குறுக்கே கை நீட்டி வாங்கியவன். அந்தக் கையில் இன்றும் விரல்கள் முழுதாக மடங்காது.

நான் யாரையும் தள்ளவில்லை என்று அவன் சொன்னான். அதற்குமேல் சொல்ல அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒன்று கேட்டான்.

“நீங்களும் நம்புறீங்களா, தோழர்?”

“சங்கம் நம்புது.”

கைகள் உயர்ந்தன. ஜீவரத்தினத்தின் கையும் உயர்ந்தது.

அன்றே பழைய சாவியை அழித்துப் புதிய சாவி ஒன்று செய்து, எத்திராஜைத் தவிர மற்ற எல்லாருக்கும் அனுப்பினார்.

மறுநாள் பத்மாவதி உள்ளே வந்தாள். ஓசூர்க்காரர் விழுந்தார்.

*

டீச்சர் இரண்டு லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் எதிரெதிராக வைத்தார். இரண்டிலும் ஏதோ செய்தார். ஒன்றை ஜீவரத்தினத்தின் பக்கம் நகர்த்தினார்.

“இந்த வகுப்பு சர்வருக்குள்ள போங்க.”

ஜீவரத்தினம் போனார். பிள்ளைகளின் பாடங்கள் திரையில் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைத் திறந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. தட்டினார். அசையவில்லை.

எதிரே டீச்சர் தன் லேப்டாப்பில் அதே பாடத்தைத் திறந்து வைத்திருந்தார்.

“நீங்க என்னைத் தள்ளிட்டீங்க.”

“நான் உள்ளே வந்தேன். அவ்வளவுதான்.”

ஜீவரத்தினம் மறுபடி தட்டினார். உள்ளே போனார். டீச்சரின் திரை உறைந்தது.

“இப்போ என்னைத் தள்ளினது யாரு?” என்று டீச்சர் கேட்டார்.

“நான் தள்ளலை.”

சொல்லிவிட்டு ஜீவரத்தினம் நிறுத்தினார். அந்தச் சொல்லை அவர் ஏற்கெனவே ஒருவன் வாயிலிருந்து கேட்டிருந்தார்.

கீழே கடையில் டிரம் உருட்டும் ஓசை கேட்டது.

டீச்சர் விளக்கினார். சர்வருக்குக் கண் கிடையாது. முகம் தெரியாது, பெயர் தெரியாது. சாவியை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ளும். பெங்களூரிலிருந்து ஒரு சாவி வந்து, அதே சாவி பல்லாவரத்திலிருந்தும் வந்தால், ஆள் இடம் மாறிவிட்டார் என்று அது எடுத்துக்கொள்ளும். பதிலைப் புது இடத்துக்கு அனுப்பும். பழைய இடத்தில் இருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

“அதுக்கு நீங்க அத்தனை பேரும் ஒரே ஆளு, ஐயா.”

“நாங்க ஆசைப்பட்டது அதுதானே,” என்றார் ஜீவரத்தினம்.

டீச்சர் இரண்டு லேப்டாப்பையும் மூடினார்.

பிறகு ஜீவரத்தினம் கேட்டார்: “எத்திராஜ் மட்டும் ஏன் விழலை?”

“விழுந்திருப்பார். சொல்லியிருக்க மாட்டார்.”

“ஏன் சொல்லலை?”

“அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க?”

*

பெங்களூரில் அந்த அடுக்குமாடியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கேட்டில் நீலச் சட்டையோடு எத்திராஜ் நின்றுகொண்டிருந்தான்.

“யாரைப் பாக்கணும், சார்?”

வாலிப வயதிலிருந்து தோழர் என்று மட்டுமே அழைத்த வாய் அது.

“உன்னைத்தான்.”

“பிளாட் நம்பர் சொல்லுங்க. போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் உள்ளே விடணும்.”

“எத்திராஜ்.”

“எனக்கு இங்கே பிளாட் இல்லை, சார்.”

ஜீவரத்தினம் வெளியிலேயே நின்று சொன்னார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவன் நின்று கேட்டான். நடுவில் கார்கள் வந்தன. ஒவ்வொரு காருக்கும் எத்திராஜ் போய்க் கேட்டைத் திறந்து, சல்யூட் வைத்து, மூடிவிட்டு வந்தான். ஜீவரத்தினம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சாவியைச் சொன்னார், சர்வரைச் சொன்னார், இரண்டு லேப்டாப்பைச் சொன்னார். கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் பேசுவது மாதிரிப் பேசினார். அவருக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான்.

உனக்கும் அறுந்துபோனதா என்று கேட்டார். தினமும் அறுந்தது என்று எத்திராஜ் சொன்னான். மகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது, பழசு. தன் நெட்டும் அவ்வளவுதான் என்று நினைத்து மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவானாம். சங்கத்து மிஷினில் கோளாறு இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லையாம். நீங்கள் செய்தது ஆயிற்றே என்றான்.

“ஆக, தப்பு மிஷின் மேலதான்,” என்றார் ஜீவரத்தினம்.

எத்திராஜ் ஒரு காரை உள்ளே விட்டுவிட்டு வந்தான்.

“பத்மாவைத் தள்ளினது மிஷின். சரி. என்னைத் தள்ளினது எந்த மிஷின், தோழர்?”

ஜீவரத்தினம் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இனி ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி என்று கடைசியில் சொன்னார். நீயே உன் கையால் செய்துகொள். ஒரு பாதியை அனுப்பு. நான் சேர்த்துவிடுகிறேன். மற்றதை என்னிடம்கூடக் காட்ட வேண்டாம்.

எத்திராஜ் கம்பிமேல் இருந்த தன் மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கம்பெனி ஆளுங்க இங்கேயே வந்தாங்க. சங்கமே உன்னைத் துரத்திடுச்சு, இனிமே யாருக்குப் பயப்படுறே, வழக்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் பணத்தை வாங்கிட்டுப் போன்னாங்க. போடலை.” கையைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டான். “சங்கத்துக்காகப் போடலைன்னு மட்டும் நெனைச்சுக்காதீங்க.”

இன்னொரு கார் ஹாரன் அடித்தது. அவன் திறக்கப் போனான்.

திரும்பி வந்தபோது, இங்கே வெளியாட்கள் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது சார் என்றான்.

*

ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடியது.

ஜீவரத்தினம் எழுந்து தவறு தன்னுடையது என்றார். எத்திராஜ் குற்றமற்றவர், நீக்கத்தை ரத்து செய்கிறோம் என்று தீர்மானம் படித்தார். கைகள் உயர்ந்தன. முன்பு உயர்ந்த அதே கைகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பத்மாவதி மட்டும் கையைத் தூக்காமல் ஒன்று கேட்டாள்.

“இந்தக் கூட்டத்துக்குப் போன வாரமே சொல்லி அனுப்பினீங்க. அப்போ சாவி விஷயம் உங்களுக்குத் தெரியாது. எதுக்காகக் கூட்டினீங்க, தோழர்?”

பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். வழக்கு நிலவரம் பேச என்று சொன்னால் போதும். ஜீவரத்தினம் போலீஸிடம் பொய் சொல்லியிருக்கிறார், முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். சங்கத்துக்குள் சொன்னதில்லை. அந்த ஒரு கர்வம்தான் அவரிடம் பாக்கி இருந்தது.

“உன்னை நீக்க.”

பத்மாவதி பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து நிதானமாகக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

“நான் எழுதினது எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு. எந்தக் கிழவியோட பேரைக் கம்பெனிக்கு வித்திருக்கேன்னு நல்லா தேடிப் பாருங்க.”

பல்லாவரத்துக்குப் பஸ் இருந்தது. போய்விட்டாள்.

மற்றவர்கள் இருந்து கற்றுக்கொண்டு போனார்கள். ஊருக்குப் போய்த் தங்கள் சாவியைத் தாங்களே செய்து, காட்டும் பாதியை மரியாதையாக அனுப்பினார்கள். ஜீவரத்தினம் ஒவ்வொன்றையும் சர்வரில் சேர்த்தார். பத்மாவதிக்கும் எத்திராஜுக்கும் இடம் விட்டு வைத்தார்.

சர்வர் குற்றம் சொல்ல முடியாதபடி வேலை செய்தது.

ஓசூர்க்காரர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் ஷிப்ட் மாறிவிட்டது என்றார். திருப்பூர்க்காரர் போன் எடுக்கவில்லை. வாக்குமூலங்கள் பாதி எழுதிய வாக்கியங்களோடு நின்றன. வக்கீல் அவகாசம் கேட்டார், நீதிமன்றம் கொடுத்தது. மறுபடி கேட்டார், கடைசித் தடவை என்று சொல்லிக் கொடுத்தது. ஊரில் ஒவ்வொருவராகக் கம்பெனியின் தாளில் கையெழுத்துப் போடத் தொடங்கினார்கள். தெருவில் இவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள்.

ஜீவரத்தினம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி வாக்குமூலம் எழுதினார். அடிக்கடி நிறுத்திவிட்டு யாராவது உள்ளே வந்திருக்கிறார்களா என்று சர்வரைப் பார்த்தார்.

*

கடைசியாக ஒருமுறை மாடிப்படி ஏறினார்.

“இப்போ யாரும் விழறதில்லை, டீச்சர்.”

“நல்லது.”

“யாரும் வர்றதும் இல்லை.”

டீச்சர் அவரைப் பார்த்தார்.

“சர்வர்ல இன்னும் ஏதாவது கோளாறு இருக்குமா?” என்றார் ஜீவரத்தினம். அப்படி ஏதாவது இருக்க வேண்டும் என்று வேண்டுவது போலக் கேட்டார். “ரூட்டர்ல? இல்லை, நான் திறந்த கதவு எதுவாவது மூடிக்கிட்டிருக்குமா? தட்டிப் பாத்துட்டு, திறக்கலைன்னு போயிருப்பாங்களோ?”

“வெளியே இருந்து நீங்க ஒரு தடவை போய்ப் பாத்தீங்களா?”

“நான் எதுக்கு வெளியே இருந்து? நான் அலுவலகத்துலயேதானே இருக்கேன்.”

“எப்பவும்?”

“எப்பவும்.”

“உங்க சாவி?”

“எனக்கு எதுக்கு சாவி?”

டீச்சர் ஒரு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“செய்ங்க.”

ஜீவரத்தினம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தனக்குச் செய்தார். திரையில் இரண்டு வரி வந்தது. அர்த்தமில்லாத எழுத்துகளும் எண்களும். ஒரு வரி ஊருக்குக் காட்டுவது. மற்றது யாருக்கும் காட்டக் கூடாதது. அந்த இரண்டாவது வரியை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சர் பார்த்துவிடுவாரோ என்று சட்டென்று கையால் மறைத்தார். டீச்சர் ஏற்கெனவே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

“அடுத்து என்ன?”

“காட்டுற பாதியை அனுப்புங்க.”

“யாருக்கு?”

“சங்க ஆபீஸ்ல உள்ளே இருக்கிறவங்களுக்கு. அவங்க உங்களைச் சேத்துக்கணும்.”

ஜீவரத்தினம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பெயர்களை மேலிருந்து கீழே நகர்த்தினார். ஒரு பெயரில் நிறுத்தினார், கடந்தார். இன்னொன்றில் நிறுத்தினார், கடந்தார். கீழே கடையில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெயர்கள் முடிந்துபோயின. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“உள்ளே யாரும் இல்லை, டீச்சர்,” என்றார்.